எண்ணுக்கு இட்ட வரம்பு

கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் வசமாகும் வரை, நிலத்தையும் அதற்குரிய ராஜசேவையையும் பதிந்துவந்த லேகம்மிட்டி ஏடுகளில் எண்ணுக்கு இத்தனை இலக்கமே என்ற நியதி இருந்ததில்லை. ஓர் ஓலை போதாதபோது மற்றோர் ஓலை சேர்ந்தது. எண்ணுக்கு அகலம் விதித்தவை கட்டமிட்ட படிவமும், அதன் பின்வந்த கணினியுமே.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டை இதற்கு உத்தமமான திருஷ்டாந்தம். ஹந்தானை, கலஹா தோட்டங்களின் லயத்தில் வாழ்பவருக்குத் தோட்ட அதிகாரியும், கிராமத்தவருக்குக் கிராம சேவகரும் அத்தாட்சிப்படுத்தி அனுப்பும் விண்ணப்பத்துக்குப் பிரதியாகக் கிடைத்தது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும்: பிறந்த ஆண்டுக்கு இரண்டு, அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதற்கு மூன்று, வரிசைக்கு மூன்று, சரிபார்ப்புக்கு ஒன்று. பெண்ணாயின் நாளெண்ணோடு 500 கூட்டுவர். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாளென்றே கணக்கு. ஆகவே 1971 மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண்ணின் எண் 71561 என்று தொடங்கும். இவ்வளவு நுட்பமாய் யோசித்தவர்கள் நூற்றாண்டை மட்டும் விட்டுவிட்டார்கள்; 1900 இல் பிறந்தவரும் 2000 இல் பிறந்தவரும் அவ்விரண்டு இலக்கத்தில் ஒருவரே. 2000 இன் பிள்ளைகள் பதினாறு வயதை எய்திய 2016 இல் எண் பன்னிரண்டு இலக்கமாயிற்று. ஆண்டுக்கு நான்கு, வரிசைக்கும் நான்கு.

இங்கேதான் கணினியின் எல்லை குறுக்கிடுகிறது. குறியுடைய 32 பிட் முழுவெண் 2,147,483,647 வரையே கொள்ளும். ஒன்பது இலக்கம் அதற்குள் சௌகரியமாய் அடங்க, 2000 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்கமோ இருபதாயிரம் கோடியைத் தாண்டுகிறது. கணினியின் நினைவகத்தை அளப்பவர்க்கும் சங்கடம் இதே வரம்பில்தான்: சரியாக 2 ஜிகாபைட் என்பது 2,147,483,648 பைட்; மிஞ்சுவது ஒன்றே, ஆனால் அந்த ஒன்றினால் அளவு எதிர்மறையாகிவிடும், அல்லது பிழையென்று நிரல் நின்றுவிடும். விண்டோஸின் தகவல் சேவையான WMI இந்த அளவை 64 பிட்டில் வைத்திருந்தாலும், விபிஸ்கிரிப்ட் நிரல்மொழியில் அத்தகைய முழுவெண் வகை இல்லாமையால், அதனை எழுத்துக்கோவையாகவே கையளிக்கிறது. கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்தையோ 32 பிட் கட்டத்திலேயே அடைப்பதால், எட்டு ஜிகாபைட் அட்டையையும் நான்கிற்கு மேல் சொல்ல அதனால் இயலாது.

ஒன்பதிலக்க அட்டையும் பன்னிரண்டிலக்க அட்டையும் இன்று கண்டிக் கச்சேரியில் ஒருங்கே செல்லும். அட்டை எண்ணைக் கூட்டுவாருமில்லை, கழிப்பாருமில்லை. அதனைக் கடைசி எழுத்தோடு எழுத்துக்கோவையாகவே சேமித்தவன் கட்டத்தை இரண்டு இடம் நீட்டினால் போதும், எழுத்தை உதறிவிட்டு 32 பிட் முழுவெண்ணாகச் சேமித்தவனோ தரவின் வகையையே மாற்றியாக வேண்டும்.