பிரித்தானிய நிரந்தர வதிவிடம்: கட்டணமும் கட்டண விலக்கும்

ஊருக்குப் பேசும்போதெல்லாம் மாவனல்லையில் இருக்கும் என் நானா ஒன்றைத்தான் கேட்பார்: "பத்து வருஷமா லண்டன்ல இருக்கிறாய், இன்னும் ஒரு வீட்டைக் கட்டி முடிக்க ஏலாதா?" அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடியாத கணக்கை இங்கே எழுதுகிறேன். நான் சட்டத்தரணி அல்ல. இது நான் கட்டிய காசின் கதை.

பிள்ளையின் வதிவிடத்தை அடிப்படையாகக் கொண்டு, பத்து வருடக் குடும்ப வழியில் நானும் மனைவியும் விசா பெற்றோம். முப்பது மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 9 இல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,321 பவுணாக இருந்தது. அத்துடன் சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண் வீதம் 2,587.50. வேலை செய்து வரி கட்டுபவரும் இதைக் கட்டியே ஆக வேண்டும். அந்தக் கணக்கில் நான்கு தடவை கட்டினால் ஆளொருவருக்கு 15,634 பவுண். கடைசியில் நிரந்தர வதிவிடத்துக்கு அதே பட்டியலில் 3,029, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் ரூபாவாக இருந்தது. 2003 இல் அதே விண்ணப்பத்துக்கு 155 பவுண்தான் அறவிட்டார்கள். 2014 இல் அது 1,093 ஆனது. செலவை விடக் கூடுதலாக அறவிட 2014 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமே உள்துறை அமைச்சுக்கு இடம் கொடுக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது.

முதல் புதுப்பித்தலின்போது எனக்கு வேலை இருக்கவில்லை. படிவம் நிரப்பித் தந்தவர் "விலக்கெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்றார். மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, மிகுதி கடன். அவர் பதிவு செய்யப்பட்ட ஆலோசகர் அல்ல என்பதும், பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது இங்கு குற்றம் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

உண்மையில் எங்களைப் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் தேவை போனபின் கட்டணம் கட்ட வழியில்லை என்று காட்டினால், விண்ணப்பக் கட்டணம், சுகாதாரக் கட்டணம் இரண்டுமே தள்ளுபடியாகும். ஐந்து வருடத் துணைவர் வழியில் வந்தவர்களுக்கு இது பொதுவாக இல்லை. பிரித்தானியத் துணைவர் அங்கவீனக் கொடுப்பனவு போன்றவற்றைப் பெற்று, வருமான நிபந்தனையிலிருந்து விடுபட்டிருந்தால் மட்டும் கேட்கலாம்.

விலக்குக் கோரிக்கைக்குக் கட்டணமில்லை. ஆனால் விசா முடியும் முன்பே அதை இணையத்தில் அனுப்பிவிட வேண்டும். விசா விண்ணப்பம் அதற்குப் பிறகுதான். ஆறு மாத வங்கிக் கூற்றுகள், சம்பளச் சிட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். கணக்கில் வந்த ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் வேண்டும். நண்பர் கைமாற்றாகப் போட்ட 200 பவுணுக்கும் நான் கடிதம் எழுதினேன். பதில் சாதகமாக வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் விசா விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். மறுத்தாலும் அதே பத்து நாட்கள்தான், காசோடு. அந்த நாட்களைத் தவறவிட்டவர்களின் நிலை மிகவும் மோசம்.

இரண்டாம் தடவை நாங்கள் கேட்டோம், கிடைத்தது. கேட்க வெட்கப்பட்டுத்தான் பலர் வட்டிக்கு வாங்குகிறார்கள். விலக்குக் கேட்டதற்காக விசாவை மறுப்பதில்லை.

சிக்கல் கடைசிப் படியில் இருக்கிறது. நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு இந்த விலக்கு கிடையாது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் கட்டுவதில்லை. குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டுக் கையில் காசில்லாதவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. மற்றவர்கள், முப்பது மாத விசாவை இலவசமாகப் புதுப்பிக்கும் அளவுக்கு ஏழை என்று அரசே ஏற்றுக்கொண்டவர்கள் கூட, முழுக் கட்டணத்தையும் தேட வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு முப்பது மாதம் தற்காலிக விசாவில்தான். விலக்கினால் அரசுக்கு வராமல் போகும் காசு அப்படியும் வரப்போவதில்லையே, பிறகு இந்தக் கதவை மட்டும் ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவில் இந்த அநியாயத்தைக் கொஞ்சம் திருத்தினார்கள். நீண்ட வழக்காடலுக்குப் பிறகு, கட்டணத்தைக் கட்ட இயலாத பிள்ளைகளுக்கு 2022 ஜூன் முதல் விலக்குத் தருகிறார்கள். பெற்றோருக்கு அப்படி எதுவும் வரவில்லை.

எங்கள் பத்து வருடம் நிறைவடைகிறது. 2025 பட்டியலின்படியே இரண்டு பேருக்கும் 6,058 பவுண். நானாவின் மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறார்கள். என்னிடமிருந்து ஏதோ எதிர்பார்க்கிறார். இந்தக் கட்டுரையின் இணைப்பை அவருக்கு அனுப்பப் போகிறேன்.