தண்டுவடக் கட்டிகள்

தண்டுவடத்திலோ அதன் உறைகளிலோ முதுகெலும்பிலோ தோன்றும் கட்டிகள். முதுகெலும்பில் வளர்பவை பெரும்பாலும் மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் பரவியதால் வருபவை. உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே வளரும் மெனிஞ்சியோமா, ஷ்வானோமா ஆகியவை பொதுவாகப் புற்று அல்லாதவை. தண்டுவடத்தின் உள்ளேயே வளரும் எபென்டைமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா அரிதானவை.

முதல் அறிகுறி பெரும்பாலும் முதுகுவலி. சாதாரண வலி படுத்தால் தணியும்; இதுவோ இரவில் படுத்தபின் கூடி, தூக்கத்தைக் கெடுக்கும். பிறகு கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். எக்ஸ்ரேயில் பல கட்டிகள் தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ. பரிசோதனையே இடத்தையும் அளவையும் தெளிவாகக் காட்டும்.

1887-இல் லண்டனில் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், எம்.ஆர்.ஐ. மட்டுமல்ல, எக்ஸ்ரேயும் இல்லாத காலத்தில், நோயாளியின் வலியையும் உணர்விழப்பையும் கொண்டே கட்டியின் இடத்தைக் கணித்தார். அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி அதை அகற்றினார். கால்கள் செயலிழந்திருந்த நோயாளி மீண்டும் நடந்தார். நரம்பியல் வரலாற்றில் இது பெருஞ்சாதனை.

அறிகுறியற்ற, புற்று அல்லாத சிறு கட்டிகளை அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்தாலே போதும். உறைக்குள் வளரும் புற்றற்ற கட்டியை நுண்ணோக்கி வழி அறுவை செய்து முழுமையாக எடுத்துவிட்டால் பலர் குணமடைகிறார்கள். பரவிய புற்றுக்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. தண்டுவடம் நசுங்கினால் வீக்கம் குறைக்க ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் அறுவையும் உண்டு.

கால்கள் திடீரென வலுவிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நடை முற்றிலும் நின்றபின் அதை மீட்பது கடினம்.