திரைப்படப் படப்பிடிப்புக் குழுவில் பணியில் சேர்வது எப்படி? பயிற்சி முதல் ஒப்பந்தம் வரை

மும்பை: திரைப்படத் துறையில் நுழைய விரும்பும் இளைஞர்களில் பலர் நடிப்பையும் இயக்கத்தையும் மட்டுமே கருத்தில் கொள்கின்றனர். ஆனால், ஒரு படப்பிடிப்புத் தளத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, ஒப்பனை, உடை, மின்விளக்கு, தயாரிப்பு நிர்வாகம் எனப் பல பிரிவுகளில் பெரும் எண்ணிக்கையிலானோர் பணியாற்றுகின்றனர். இப்பணிகளில் சேர்வதற்கான வழிகளும், சேரும் முன் அறிந்திருக்க வேண்டிய உரிமைகளும் வருமாறு:

பயிற்சி நிறுவனங்கள்

புனேயில் உள்ள இந்தியத் திரைப்பட மற்றும் தொலைக்காட்சி நிறுவனம், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கொல்கத்தாவில் சத்யஜித் ரே திரைப்பட மற்றும் தொலைக்காட்சி நிறுவனம் 1995-இல் நிறுவப்பட்டது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் செயல்படும் இவ்விரு நிறுவனங்களிலும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு உள்ளிட்ட பிரிவுகளில் நுழைவுத் தேர்வு வழியாக மாணவர்கள் சேர்க்கப்படுகின்றனர். சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இயங்கி வருகிறது.

பட்டம் இன்றியும் வாய்ப்பு

பயிற்சி நிறுவனத்தில் பயிலாதோருக்கும் வழி உண்டு. இந்தியாவில் கேமரா, விளக்கு போன்ற கருவிகளைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வாடகைக்கே பெறுகின்றனர். அக்கருவிகளுடன் அவற்றைக் கையாளும் பணியாளர்களையும் வாடகை நிறுவனங்கள் அனுப்பி வைக்கின்றன. லென்ஸைத் துடைப்பது, பேட்டரியைச் சார்ஜ் செய்வது எனத் தொடங்கிய பலர் பின்னர் ஃபோகஸ் புல்லர், கேமரா உதவியாளர் என உயர்ந்துள்ளனர். இயக்கம், தயாரிப்புப் பிரிவுகளில் உதவியாளராகச் சேர்வதே முதல் படியாகும். காட்சிகளின் தொடர்ச்சியைக் குறித்துவைத்தல், கிளாப் அடித்தல், நடிகர்களின் கால்ஷீட்டை ஒருங்கிணைத்தல் ஆகியவை அவர்களது பணிகள். குறித்த நேரத்தில் தளத்துக்கு வருவோருக்கே அடுத்த படத்திலும் அழைப்பு வருகிறது.

சங்க உறுப்பினர் அட்டை

மும்பையில் மேற்கிந்தியத் திரைப்படப் பணியாளர்கள் கூட்டமைப்பும், சென்னையில் பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனமும் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களை உள்ளடக்கியவை. பல பிரிவுகளில் தொடர்ந்து பணி பெறச் சங்க அட்டை தேவைப்படுகிறது. இதற்கான கட்டணமும் தகுதி விதிகளும் சங்கத்துக்குச் சங்கம் மாறுபடும்.

இந்த அட்டையே பெண்களுக்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. மும்பையில் பெண்களுக்குச் சிகை அலங்காரக் கலைஞர் அட்டை மட்டுமே வழங்கப்பட்டது. ஒப்பனைக் கலைஞர் அட்டை மறுக்கப்பட்டது. இதை எதிர்த்து சாரு குரானா உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 2014-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தகைய சங்க விதிகள் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அத்தீர்ப்பில் நீக்கப்பட்டது. இதனால் பிற மாநிலத்தவருக்கும் அத்தொழிலில் வழி திறந்தது.

எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியம்

புதியவர்கள் பெரிதும் பாதிக்கப்படுவது ஊதியத்தில்தான். வாய்மொழி உறுதியை நம்பிச் சேர்வோர், ஊதியம் தாமதமானாலோ நிறுத்தப்பட்டாலோ அதை நிரூபிக்க வழியின்றித் தவிக்கின்றனர். மும்பைத் தொலைக்காட்சித் தொடர்களில் பணி முடிந்து 90 நாள்களுக்குப் பின் ஊதியம் வழங்கும் நடைமுறை நெடுங்காலமாகவே சர்ச்சைக்குரியது.

திரைப்படப் பணியாளரை எழுத்துப்பூர்வ ஒப்பந்தமின்றிப் பணியமர்த்தக் கூடாது என்பதை 1981-ஆம் ஆண்டுச் சட்டமே வலியுறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தொலைக்காட்சி மற்றும் இணையத் தொடர்களில் பணியாற்றுவோரையும் இத்தகைய பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. பணிநேரம், ஊதியம், பேட்டா, வழங்கப்படும் நாள், திரையில் பெயர் இடம்பெறுவது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் செய்வது நல்லது.

பாதுகாப்பு

படப்பிடிப்புக் குழுக்களிலும் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட வேண்டும் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. கழிப்பறை வசதியின்மை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தமின்மை போன்ற குறைகளை, 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. பணியில் சேரும் முன் புகார்க் குழு உள்ளதா, அதன் பொறுப்பாளர் யார் என்பதைக் கேட்டறிவது புதியவர்களின் உரிமையாகும்.