சாதனப் பண்பு வினவல்

சாதனப் பண்பு வினவல் என்பது, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் ஓர் இயக்கி (வன்பொருளை இயக்கும் நிரல்) தன் பொறுப்பில் உள்ள வன்பொருளின் விவரங்களை இயங்குதளத்திடம் கேட்டுப் பெறும் முறை. அதைச் செய்த நிறுவனம் எது, என்ன மாதிரி, எந்த பஸ்ஸில் (சாதனங்களை இணைக்கும் பாதையில்) எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு ஒதுக்கிய நினைவகமும் இன்டரப்ட் (கவனம் கோரும் குறிப்பு) எண்ணும் எவை என்பவை அந்த விவரங்கள். வைஃபை சில்லு, டச்பேட், கைரேகைக் கருவி என எதற்கான இயக்கியானாலும், தொடங்கியவுடன் செய்யும் முதல் வேலைகளில் இதுவும் ஒன்று. சாதாரணப் பயன்பாட்டு நிரல் ஒன்று தவறான எண்ணை நம்பினால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். கெர்னலில் உள்ள இயக்கி நம்பினால் கணினியே நின்றுவிடலாம்.

தமிழ்நாட்டில் இதன் அவசியத்தைக் கண்முன் காட்டியது 2011-இல் தொடங்கிய, மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம். மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ், டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் வெளியீடு. இந்தக் கணினிகள் எத்தகைய வீடுகளுக்குச் சென்றன என்பதற்குத் தருமபுரி ஓர் எடுத்துக்காட்டு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். அங்கே அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி இந்த மடிக்கணினிதான். அதை எளிதில் மாற்றவும் முடியாது, பழுது பார்க்க நினைத்த நேரத்தில் ஆளும் கிடைக்காது. ஆண்டுக்கு ஆண்டு வழங்கிய நிறுவனங்கள் மாறின; உள்ளிருந்த சில்லுகளும் மாறின. ஆனாலும் அதே இரு இயங்குதளங்களும் எல்லாவற்றிலும் ஓட வேண்டியிருந்தன. இன்ன சில்லுதான் இருக்கும் என்று எழுதும்போதே முடிவுகட்டிய இயக்கியால் அது நடக்காது. முதலில் கேட்டு, பதிலைப் பார்த்து, பிறகு வேலையைத் தொடங்கும் இயக்கியால் மட்டுமே நடக்கும்.

பதில் எங்கே இருக்கிறது

பிசிஐ பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தன் அடையாளத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது. கான்ஃபிகரேஷன் பகுதி எனப்படும் அந்த இடத்தின் அளவு 256 பைட்டு; பிசிஐ எக்ஸ்பிரஸில் 4096. முதல் இரண்டு பைட்டில் செய்த நிறுவனத்தின் எண், அடுத்த இரண்டில் சாதனத்தின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண் பதினாறடிமானத்தில் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரையே எண்ணாக்கிக்கொண்டார்கள். சாதனமே இல்லாத இடத்தைப் படித்தால் பிழைச் செய்தி வராது. எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பி வரும். இதை அறியாதவர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது கழன்றுபோன அட்டையிடமிருந்து வரும் ஒன்றுகளை உண்மையான மதிப்பு என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

யுஎஸ்பி சாதனம் செருகியவுடன் 18 பைட்டு நீளமுள்ள தன்விவரக் குறிப்பு ஒன்றைத் தருகிறது. அதன் முதல் பைட்டு அந்தக் குறிப்பின் நீளம்.

இப்படித் தன்னைச் சொல்லிக்கொள்ளத் தெரியாத சாதனங்களும் உண்டு. சில்லுக்குள்ளேயே பதிந்த தொடர்முனை, கடிகாரம், வெப்ப உணரி போன்றவற்றிடம் யார் நீ என்று கேட்டால் பதில் வராது. அவற்றுக்குத்தான் டிவைஸ் ட்ரீ கைகொடுக்கிறது. சன் நிறுவனத்தின் கணினிகளில் பிறந்து, 1994-இல் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் ஐட்ரிப்பிள்ஈ 1275 தரமாகப் பதிவான வழக்கம் இது. பலகையில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு மரமாக எழுதிக் கெர்னலிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஏஆர்எம் செயலி கொண்ட பலகை ஒவ்வொன்றுக்கும் தனி நிரலாகக் கெர்னலில் குவிந்துகொண்டே போவதைக் கண்டு 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கோபப்பட்டார். அதன் பிறகே அந்த உலகமும் டிவைஸ் ட்ரீக்கு மாறியது.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்த சக்தி செயலியின் உலகமும் இதுவே. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் அமைந்த அதன் சில்லு ஒன்றில் 2018-இல் லினக்ஸ் இயங்கியது. ரிஸ்க்-ஃபைவ் கணினி தொடங்கும்போது டிவைஸ் ட்ரீ இருக்கும் முகவரி ஒரு பதிவேட்டில் வைத்துக் கெர்னலிடம் ஒப்படைக்கப்படுகிறது. இயக்கிகள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கிருந்தே கிடைக்கிறது.

கேட்கும் முறை

விண்டோஸில் இதற்கான பழைய வழி, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து உள்ள ஐஓ-கெட்-டிவைஸ்-ப்ராப்பர்ட்டி என்ற அழைப்பு. விண்டோஸ் விஸ்டாவோடு, தனிச் சாவியால் பண்பைக் குறிக்கும் புதிய அழைப்பும் வந்தது. கேள்வியை யார் பெயரில் கேட்கிறோம் என்பது இங்கே முக்கியம். ஒரு நிலத்தின் விவரம் அந்தக் கிராமத்து நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இருப்பதுபோல, சாதனத்தின் விவரம், அது இணைந்துள்ள பஸ்ஸைக் கவனிக்கும் பஸ் இயக்கியின் பொறுப்பில் இருக்கிறது. பஸ் இயக்கி அந்தச் சாதனத்துக்காக உருவாக்கிய அடிப்பொருளைக் காட்டித்தான் கேட்க வேண்டும். நம் இயக்கி தானே உருவாக்கிய பொருளைக் காட்டிக் கேட்டால், மறுப்பு வருவதற்குப் பதிலாகக் கணினியை நிறுத்தும் நீலத்திரை வந்துவிடலாம்.

அடுத்தது அளவு. வன்பொருள் அடையாளம் என்ற பண்பு ஒரே சரம் அல்ல. நெருக்கமான பெயரில் தொடங்கிப் பொதுவான பெயர் வரை பல சரங்கள் வரிசையாக வரும். கடைசியில் ஒரு வெற்றுச் சரம். எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே தெரியாது. எனவே முதலில் இடமே கொடுக்காமல் கேட்கிறார்கள். இடம் போதவில்லை என்ற விடையோடு தேவையான அளவும் வரும். அந்த அளவுக்கு இடம் எடுத்துக்கொண்டு மறுபடி கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் நடுவில் பண்பு மாறிவிடவும் கூடும். ஆகவே, இரண்டாம் முறையும் போதவில்லை என்றே வந்தால் திரும்பக் கேட்பதுதான் சரியான நிரல் முறை. விண்டோஸ் டிரைவர் ஃபிரேம்வொர்க்கில் இடத்தைத் தானே ஒதுக்கித் தரும் அழைப்பு உண்டு. புதிதாக எழுதுபவர்கள் அதையே பிடித்துக்கொள்வது நல்லது.

நேரமும் பார்க்க வேண்டும். இந்த அழைப்புகளைப் பாசிவ் லெவல் எனப்படும் மிகத் தாழ்ந்த முன்னுரிமையில் செய்வதே பாதுகாப்பானது. இன்டரப்டைக் கையாளும் அவசரத்தின் நடுவே கூப்பிடக் கூடாது. அப்போது தேவைப்படும் விவரத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

லினக்ஸில் 2015-இல் வெளியான 3.19 கெர்னல் முதல், டிவைஸ்-ப்ராப்பர்ட்டி என்று தொடங்கும் பொது அழைப்புகள் இருக்கின்றன. விவரம் டிவைஸ் ட்ரீயிலிருந்து வந்தாலும் மடிக்கணினியின் ஃபர்ம்வேர் தரும் ஏசிபிஐ அட்டவணையிலிருந்து வந்தாலும் இயக்கி கேட்கும் விதம் ஒன்றே. பண்பு இல்லை, வகை பொருந்தவில்லை, இடம் போதவில்லை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிழை எண் வரும். அழைப்பைத் தவிர்த்து நேரடியாகப் பைட்டுகளைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: டிவைஸ் ட்ரீயில் எண்கள் பெரிய பைட்டு முன்னால் வரும்படி எழுதப்பட்டவை. சக்தி போன்ற செயலிகளின் வழக்கம் நேர்மாறு. திருப்பாமல் படித்தால் 1 என்ற எண் 1,67,77,216 ஆகத் தெரியும். அதை நீளமென்று நம்பி நினைவகத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பதிலை நம்பலாமா

நம்பக் கூடாது. 2014-இல் பாதுகாப்பு ஆய்வாளர்களான கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் யுஎஸ்பி குச்சி ஒன்றின் உள்நிரலை மாற்றி, அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளச் செய்து காட்டினார்கள். கணினி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2017-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஆந்திரே கொனோவாலோவ், வேண்டுமென்றே பிழையாக அமைத்த தன்விவரக் குறிப்புகளை லினக்ஸின் யுஎஸ்பி இயக்கிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சாதனம் சொன்ன நீளத்தையும் எண்ணிக்கையையும் சரிபாராமல் ஏற்ற ஏராளமான இயக்கிகள் சரிந்தன. சாதனப் பண்போடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்திய கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 20 உள்ளீடுகள் இருந்த இடத்தில் கெர்னல் இயக்கி 21-ஆவதைத் தேடிப்போனது.

கேட்டதற்கு வந்த பதிலின் நீளம், வகை, எல்லை மூன்றையும் பார்த்த பிறகே பயன்படுத்துவது இந்த வேலையின் பாதி. பாடநூல்கள் இதைச் சுருக்கமாகக் கடந்துபோனால் அது பெருங்குறை.

தருமபுரியில் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி 2013 முதல் நடந்துவருகிறது. அங்கே படிப்பவர்களுக்கும், வீட்டில் பழைய அரசு மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லினக்ஸ் முனையத்தைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களைக் காட்டும் தெரிவோடு கொடுத்துப் பாருங்கள். உங்கள் கணினியின் பிசிஐ பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு சில்லும் இரண்டு எண்ணால் தன்னைச் சொல்லும். பிறகு, மெய்நிகர் கணினி ஒன்றுக்குள் அதன் சாதனங்களின் இத்தகைய எண்களை மட்டும் படித்துக் காட்டும் சின்ன இயக்கி ஒன்றை எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், கேட்டால் போதும்.