ஒரே நாட்டுக்கு இரண்டு பட்டைகள்

மகுடங்களின் கதை – 7

அந்த ஆண்டின் போட்டியாளர் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். 1970-இல் உலக அழகிப் போட்டிக்காக லண்டனில் கூடிய 58 பெண்களில் ஒருவர் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக அணிந்திருந்த பட்டையில் ‘சவுத் ஆப்பிரிக்கா’ என்று எழுதியிருந்தது. இன்னொருவருடைய பட்டையில் ‘ஆப்பிரிக்கா சவுத்’.

பிழை இல்லை. தெரிந்தேதான் சொற்களை இடம் மாற்றியிருந்தார்கள். முதல் பட்டையை அணிந்த ஜில்லியன் ஜெஸப் வெள்ளையர். இரண்டாவதை அணிந்த பேர்ல் ஜேன்சன் கேப் டவுன்காரர். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தென்னாப்பிரிக்க அரசு தன் மக்களை வெள்ளையர், கருப்பர், இந்தியர், ‘கலப்பினம்’ என்று பிரித்து அட்டை கொடுத்து வைத்திருந்த காலம். பேர்லின் அட்டையில் ‘கலப்பினம்’. அவர் ஊரில் நடக்கும் ‘மிஸ் தென்னாப்பிரிக்கா’ போட்டி வெள்ளைப் பெண்களுக்கு மட்டும் உரியது. அங்கே வாசலுக்குள் விடாதவர்கள், லண்டனில் உலக மேடையில் நிற்கலாம் என்றார்கள். நாட்டின் பெயரைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த யோசனை எரிக் மார்லியின் மண்டையில் உதித்தது. சென்ற வாரங்களில் பார்த்தோமே, அதே மார்லிதான். மெக்கா நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பாளராகத் தொடங்கியவர். பால்ரூம் நடனத்தையும் பிங்கோ ஆட்டத்தையும் பிரிட்டனில் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1951-இல் பிரிட்டன் திருவிழாவை ஒட்டி அவர் நடத்திய பிகினிப் போட்டிதான் உலக அழகிப் போட்டியாக வளர்ந்தது. 1959-இல் பிபிசி தொலைக்காட்சி அதை ஒளிபரப்பத் தொடங்கியது. 1970 வாக்கில் பிரிட்டனில் மட்டும் இரண்டு கோடிப் பேருக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். பந்தயக் கடைகளில் குதிரைகளுக்குப் பணம் கட்டுவதுபோல அழகிகள் மேலும் கட்டினார்கள். இவ்வளவு பெரிய வியாபாரத்தை ஒரு நாட்டின் நிறவெறி கெடுத்துவிடக் கூடாது என்பதுதான் மார்லியின் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். கேப் டவுனில் பிறந்து, நிறத்தால் அங்கே ஆட வழியில்லாமல் இங்கிலாந்துக்குப் போய் அந்த அணியிலேயே இடம் பிடித்தவர் பேசில் டி ஒலிவேரா. 1968-இல் அவரைச் சேர்த்த அணியைத் தன் மண்ணில் ஆட விடமாட்டேன் என்றது தென்னாப்பிரிக்க அரசு. அந்தப் பயணமே ரத்தானது. 1970 கோடையில் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வருவதாக இருந்தது. பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞரின் தலைமையில் போராட்டம் வெடித்து, மே மாதம் அதுவும் ரத்தானது. கிரிக்கெட்டுக்கு வந்த கதி அழகிப் போட்டிக்கும் வர எத்தனை நாளாகும்? வெள்ளைப் போட்டியாளரைத் திருப்பி அனுப்பினால் ஒரு பக்கம் பகை, வைத்துக்கொண்டால் மறுபக்கம் பகை. கடைக்காரர் மூளை வேலை செய்தது. இரண்டு பேரையும் அழைத்துவிட்டார்.

பேர்லுக்கு ஒரு கட்டளையும் இருந்தது. ஊரில் நடப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் திரும்பிப் போக முடியாது. உலகமே பார்க்கும் மேடைக்கு அவரை ஏற்றியவர்கள், ஏறும் முன்பே வாயைக் கட்டிவிட்டார்கள்.

நவம்பர் 20, வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு வெளியே நின்ற பிபிசி வண்டியின் அடியில் ஒரு குண்டு வெடித்தது. ‘கோபப் படை’ என்று தங்களை அழைத்துக்கொண்ட தீவிரவாதக் குழுவின் வேலை. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று மாலை அரங்கத்தைச் சுற்றிப் போலீஸ் குவிந்தது. வாசலில் பதாகை ஏந்தியவர்களை எல்லாம் போலீஸ் கண்காணித்தது. நல்ல உடை உடுத்தி, முறையாகச் சீட்டு வாங்கி, கைப்பையோடு உள்ளே போன பெண்களை யாரும் கவனிக்கவில்லை. அந்தக் கைப்பைகளில் மாவுப் பொட்டலங்கள் இருந்தன. துண்டறிக்கை, அழுகிய காய்கறி, தண்ணீர்த் துப்பாக்கி, நாற்றக் குண்டு, புகைக் குண்டு எல்லாம் இருந்தன.

அவர்களில் ஒருவர் சாலி அலெக்ஸாண்டர். வரலாறு படித்தவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் நடந்த, பிரிட்டனின் முதல் தேசியப் பெண் விடுதலை மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். போட்டியாளர்கள் மேடையில் இருக்கும்போது எதையும் வீசக் கூடாது, நம் சண்டை அந்தப் பெண்களோடு இல்லை என்பது அவர்களுக்குள் இருந்த பேச்சு.

நிகழ்ச்சி தொடங்கியது. நீச்சலுடையில் வரிசையாக நின்ற பெண்களை முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார்கள். நடுவர்கள் பின்புறத்தையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டுமாம். நம் ஊர்ச் சந்தையில் காளைக்குச் சுழி பார்ப்பவர்கூட இதைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பார்.

பிறகு பாப் ஹோப் வந்தார். ஹாலிவுட்டின் பெரிய நகைச்சுவை நடிகர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு வியட்நாம் போய் அமெரிக்கச் சிப்பாய்களைச் சிரிக்க வைப்பவர். 1966-இல் உலக அழகியான நம் ரீட்டா ஃபாரியாவை, மும்பை மருத்துவ மாணவியை, அந்தப் பயணத்துக்கு அழைத்துப் போய் டெல்லியின் கோபத்தை அவர் தலையில் ஏற்றிவைத்ததும் இந்த ஹோப்தான். அன்று மேடையில் நின்றபடி, இங்கே ஒரு மாட்டுச் சந்தைக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி என்ற பொருளில் ஆரம்பித்து, மாடுபோலக் கத்தியும் காட்டினார். போராட்டக்காரர்களின் குற்றச்சாட்டே அதுதான். அதை அவர் வாயாலேயே கேட்டபோது, திட்டமிட்ட நேரம்வரை பொறுத்திருக்க முடியவில்லை.

அரங்கின் ஒரு மூலையில் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது. கால்பந்து ரசிகர்கள் கையில் வைத்துச் சுழற்றும் மரக் கிலுகிலுப்பை. அதுதான் சைகை. மேல்தளத்திலிருந்து துண்டறிக்கைகள் இறங்கின. மாவு பறந்தது, புகை கிளம்பியது. நாங்கள் அழகிகளும் இல்லை, அசிங்கமும் இல்லை, எங்களுக்குக் கோபம் என்று பெண்கள் முழங்கினார்கள். ஹோப் மேடையைவிட்டு ஓடப் பார்த்தார். மார்லியின் மனைவி ஜூலியா அவரைப் பிடித்து நிறுத்தப் போராடினார். சில நிமிடங்களில் போலீஸ் பெண்களை இழுத்துக்கொண்டு போனது. ஹோப் திரும்பி வந்து, இப்படிச் செய்கிறவர்கள் ஏதோ போதையில்தான் இருக்க வேண்டும் என்றார். போர்க்களத்துச் சிப்பாய்களிடம் செல்லுபடியான நகைச்சுவை, ஒரு மாவுப் பொட்டலத்தின் முன்னால் செல்லுபடியாகவில்லை.

கைதான பெண்கள் மறு ஆண்டு போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் நின்றார்கள். அபராதம் விதித்தார்கள். அது தனிக்கதை.

அரங்கில் மாவைத் துடைத்துவிட்டு நிகழ்ச்சி தொடர்ந்தது. முடிவுகளைக் கடைசி இடத்திலிருந்து தலைகீழாக வாசிப்பது மார்லியின் வாடிக்கை. ஐந்தாம் இடம், ஜில்லியன் ஜெஸப். நான்காம் இடம் என்று அவர் வாசித்த பெயரைக் கேட்டு அரங்கு முணுமுணுத்தது. பந்தயக் கடைகளும் பத்திரிகைகளும் மகுடம் சூட்டியே முடித்திருந்த ஸ்வீடன் பெண் அவர். போட்டிக்கு முன்பே இந்த ஏற்பாடுகளைப் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகக் குறைபட்டவரும் அவர்தான். மூன்றாம் இடம், இஸ்ரேல். இரண்டாம் இடம், ‘ஆப்பிரிக்கா சவுத்’ பேர்ல் ஜேன்சன். உலக அழகி, கிரெனடாவின் ஜெனிபர் ஹோஸ்டன்.

கிரெனடா எங்கே இருக்கிறது என்று அன்றிரவு பல வீடுகளில் வரைபடம் தேடியிருப்பார்கள். ஜாதிக்காய் விளையும் கரீபியன் தீவு. மொத்த மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். அப்போது சுதந்திரம்கூட வரவில்லை. ஜெனிபர் விமானப் பணிப்பெண். 1963-இல் வென்ற ஜமைக்காவின் கரோல் கிராஃபோர்ட் கலப்பினத்தவர். கருப்பினப் பெண் என்று உலகம் அடையாளம் கண்ட முதல் உலக அழகி ஜெனிபர்தான். முதலிரண்டு இடங்களும் வெள்ளையர் அல்லாத பெண்களுக்கு. இருபது ஆண்டில் நடக்காதது.

மறுநாளே புகைச்சல் ஆரம்பித்தது. நடுவர் குழுவில் நடிகை ஜோன் காலின்ஸ், பாடகர் க்ளென் கேம்பெல் ஆகியோரோடு எரிக் கெய்ரியும் இருந்தார். அவர் யார்? கிரெனடாவின் முதல்வர் (பிரீமியர்)! போதாததற்கு, முதலிட வாக்கு ஸ்வீடனுக்கு நான்கு, கிரெனடாவுக்கு இரண்டுதான் என்ற செய்தி கசிந்தது. கண்டனம் குவிந்ததில், போட்டியை நடத்தும் பொறுப்பில் இருந்த ஜூலியா மார்லி பதவி விலகினார். பிறகு வாக்குச்சீட்டுகளை எடுத்துக் காட்டினார்கள். முதலிட வாக்கை மட்டும் எண்ணுவது அவர்கள் முறை அல்ல. அடுத்தடுத்த இடங்களையும் சேர்த்துக் கணக்கிட்டதில் ஜெனிபர் மேலே வந்திருந்தார். ஜூலியா திரும்பப் பதவிக்கு வந்தார்.

கெய்ரியை நடுவராக உட்கார வைத்தது தவறுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வெள்ளைப் பெண்கள் வரிசையாக வென்ற ஆண்டுகளில் நடுவர்களின் நிறத்தையும் ஊரையும் யார் கணக்குப் பார்த்தார்கள்?

இன்னொன்றும் என்னைத் துளைக்கிறது. அழகை அளந்து பார்க்கும் மேடையை எதிர்த்து மாவு வீசிய பெண்கள் சொன்னது முழு நியாயம். அதே மேடையில் கருப்புத் தோலும் அழகுதான் என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்த ஜெனிபர், அந்த மகுடத்தை அவமானம் என்று நினைக்கவில்லை. அழகுப் பட்டியலிலேயே சேர்க்கப்படாத இனத்துக்கு, பட்டியலைக் கிழி என்ற முழக்கம் வேறு மாதிரிதான் காதில் விழும். ஒரே கூரையின் கீழ், ஒரே இரவில் இரண்டு போராட்டம் நடந்தது. ஒன்று மற்றொன்றை அப்போது பார்க்கவில்லை. பார்த்துப் பேச நாற்பது ஆண்டு ஆனது. 2010-இல் பிபிசி வானொலி ஜெனிபரையும் சாலியையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. அதற்குப் பத்து ஆண்டு கழித்து வந்த ‘மிஸ்பிஹேவியர்’ என்ற திரைப்படத்துக்கு வித்து அந்த உரையாடல்.

ஜெனிபரின் முகத்தைப் போட்டு கிரெனடா 1971-இல் அஞ்சல்தலை வெளியிட்டது. பின்னாளில் அவர் கனடாவில் கிரெனடாவின் தூதராகவும் இருந்தார். பேர்ல் எங்கே போவார்? கேப் டவுனுக்குத்தான். உலகின் இரண்டாவது அழகி என்ற பெயரோடு விமானத்திலிருந்து இறங்கியவருக்கு, வெள்ளையருக்கு மட்டும் என்று பலகை மாட்டிய கடற்கரையில் கால் நனைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இரட்டைப் பட்டை வித்தை அதோடு நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளும் இரண்டு பெண்கள் வந்தார்கள். 1976-இல் இந்தியா, இலங்கை, மலேசியா உள்படப் பல நாடுகள் இதைக் கண்டித்துப் போட்டியிலிருந்து விலகின. 1978-இலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கே மேடையில் இடமில்லாமல் போனது. மண்டேலா விடுதலையான பிறகு, 1991-இல்தான் மறுபடி சேர்த்தார்கள்.

1992 டிசம்பரில் உலக அழகிப் போட்டி தென்னாப்பிரிக்காவிலேயே, சன் சிட்டியில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் சார்பில் வந்தவர் ஏமி க்ளைன்ஹான்ஸ். பேர்லைப் போலவே ‘கலப்பினம்’ என்று வகைப்படுத்தப்பட்டவர். வெள்ளையர் அல்லாதவர்களில் ‘மிஸ் தென்னாப்பிரிக்கா’ பட்டம் பெற்ற முதல் பெண். பட்டை ஒன்றே ஒன்றுதான், சொற்களும் சரியான வரிசையில் இருந்தன. போட்டியாளர்கள் தத்தம் நாட்டுக் கொடியோடு வந்தார்கள். நிறவெறி ஆட்சியின் கொடியைத் தொட மாட்டேன் என்று ஏமி மறுத்துவிட்டார். அவர் கையில் இருந்தது எதுவும் எழுதாத வெள்ளைத் துணி.

(தொடரும்)