மலைக்கல்லும் உலைக்கல்லும்

நவமணிகள் என நம் முன்னோர் எண்ணி வைத்த ஒன்பதில் இடம் பெறாத கல் ஒன்று, வைரம் மணிமுடி ஏறுவதற்கு நெடுங்காலம் முன்னரே பேரரசர்களின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. ஆழ்ந்த நீல நிறமும், அதன்மீது பொற்பொடி தூவினாற் போன்ற புள்ளிகளும் கொண்ட அக்கல்லை வடநூலார் இராசவர்த்தம் என்றனர். மேனாட்டார் லாப்பிஸ் லாசுலி என்பர். பொன்னெனத் தோன்றுவது பொன்னன்று. இரும்பும் கந்தகமும் கூடிய கனிமத் துகளே.

பண்டை உலகிற்கு இக்கல் பெரும்பாலும் ஓரிடத்திலிருந்தே கிடைத்தது. ஆப்கானிஸ்தானத்தின் வடகிழக்கே, படக்ஷான் பகுதியில், கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள சார்-இ-சங் சுரங்கமே அது. பாறையின் அடியில் தீ மூட்டி, அது இளகியபின் சம்மட்டியால் அடித்துப் பெயர்த்து உள்ளிருக்கும் நீலக்கல்லை எடுக்கும் முறையை, 1830களில் அங்குச் சென்ற ஜான் உட் என்னும் பிரித்தானியர் எழுதி வைத்துள்ளார்.

அம்மலைக்கு 2000 கிலோமீட்டருக்கும் அப்பால், யூப்ரட்டீஸ் நதியோரம் சுமேரியரின் ஊர் நகரம் இருந்தது. (பெயரைக் கண்டு நம்மூர் என மயங்க வேண்டா!) 1920களில் லியோனார்ட் வூல்லி அங்கே அகழ்ந்தபோது, ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பூஅபி அரசியின் கல்லறை வெளிப்பட்டது. அவ்வம்மை பொன்னிலைகளாலான தலையணியும், பொன், நீலக்கல், சூதுபவளம் ஆகிய மணிகளின் சரங்களும் பூண்டு கிடந்தார். அந்நகரின் கல்லறைகளில் கிடைத்த நீண்ட சூதுபவள மணிகள் சிந்துவெளிக் கைவினைஞரின் வேலைப்பாடு என்பர் ஆராய்ச்சியாளர்.

சுமேரியரின் வண்டல் நிலத்தில் தானியம் விளைந்தது. கல்லும் உலோகமும் இல்லை. என்மெர்கார் என்னும் வேந்தன் கழுதைகள் மீது தானியம் ஏற்றித் தொலைவிலுள்ள அரட்டா நாட்டுக்கு அனுப்பி, அங்குள்ள பொன்னையும் நீலக்கல்லையும் கேட்ட கதை அவர்தம் இலக்கியத்தில் உண்டு. சிந்துவெளி மக்களோ கல் இருக்கும் திக்குக்கே குடியேறினர். அமு தாரியா நதியருகே ஷோர்துகாய் என்னுமிடத்தில் அவர்கள் அமைத்த குடியிருப்பு 1970களில் கண்டறியப்பட்டது.

எகிப்து இன்னும் தொலைவு. அங்குள்ளோர் அந்த மலையைக் கண்டதில்லை. கை மாறி வந்த கல்லை மட்டுமே கண்டனர். கிடைத்தது போதாமையால் நிறத்தையே ஆக்கக் கற்றனர். மணல், சுண்ணாம்பு, செம்பு, உவர்மண் ஆகியவற்றைக் கூட்டி, உலையில் சுட்டு நீலப்பொருள் செய்தனர். மனிதன் செயற்கையாக ஆக்கிய முதல் வண்ணங்களுள் அது ஒன்று. நீலக் கண்ணாடி பின்னர் வந்தது.

இது ஏமாற்று வேலையா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. பாபிலோனியர் தம் மொழியில் மலை நீலம், உலை நீலம் எனப் பிரித்தே எழுதினர்; எகிப்தியரும் இயற்கைக் கல்லை ‘மெய்யானது’ எனச் சுட்டினர். 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் மடல்களில், மன்னர்க்கு மன்னர் அனுப்பிய பரிசுகளிடையே மெய்யான நீலக்கல் தனியே குறிக்கப்பட்டுள்ளது. வாங்கியவரும் கொடுத்தவரும் வேறுபாட்டை அறிந்தே இருந்தனர்.

கி.மு. 1323 அளவில் இறந்த துத்தன்காமன் மன்னனின் பொன்முகமூடியில் இரண்டும் உள்ளன. புருவங்களும் கண்ணைச் சுற்றிய மைக்கோடும் படக்ஷான் மலையின் கல். தலைப்பாகையின் நீலக் கோடுகள் எகிப்திய உலையின் கண்ணாடி.