காவலரை அழைத்தது யார்? தைராய்டு புற்றுநோயும் வெள்ளணுக்களும்: நூறாண்டு வழக்கு ஒன்றின் வரலாறு

தைராய்டு சுரப்பியிலிருந்து அகற்றப்பட்ட பாப்பில்லரி வகைப் புற்றுக்கட்டியை நுண்ணோக்கியில் காண்போர் பல வேளைகளில் இரண்டு கூட்டங்களை அருகருகே காண்பர். ஒன்று புற்றணுக்களின் கூட்டம். மற்றொன்று அவற்றைச் சூழ்ந்து நிற்கும் லிம்போசைட்டுகள் எனும் வெள்ளணுக்களின் கூட்டம். இக்காட்சிக்கு மூன்று விளக்கங்கள் சாத்தியம். புற்றை அழிக்க வெள்ளணுக்கள் வந்திருக்கலாம். வெள்ளணுக்கள் நெடுங்காலம் மூட்டிய அழற்சியிலிருந்தே புற்று பிறந்திருக்கலாம். அல்லது, புற்றணுவே தன் தேவைக்காக அவற்றை அழைத்திருக்கலாம். காவலர் திருடனைப் பிடிக்க வந்தவரா, காவலரின் அட்டூழியத்தால் திருடன் உருவானானா, திருடனே காவலரைக் கூட்டி வந்தானா என்பதுதான் கேள்வி.

இது ஆய்வகத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஹஷிமோட்டோ தைராய்டு அழற்சி எனும் தன்னெதிர்ப்பு நோய் நம் நாட்டுப் பெண்களிடையே பரவலாகக் காணப்படுவது. ‘இது புற்றுநோயாக மாறுமா, சுரப்பியை எடுத்துவிடலாமா?’ என்ற ஐயம் அந்நோயாளிகளுக்கு எழுவது இயல்பு. அதற்கான விடை, மேற்சொன்ன மூன்று விளக்கங்களில் எதை நாம் ஏற்கிறோம் என்பதைச் சார்ந்தது.

வழக்கின் முதல் ஏடு 1912இல் எழுதப்பட்டது. ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், நான்கு பெண்களின் தைராய்டு திசுக்களில் லிம்போசைட்டுகள் திரளாக ஊடுருவியிருந்ததை ஒரு ஜெர்மானிய ஆய்விதழில் விவரித்தார். அவை ஏன் வந்தன என்பதற்கு அவர் காலத்தில் விடையில்லை. உடல் தன்னையே தாக்கும் என்ற கருத்தை அன்றைய மருத்துவம் ஏற்கத் தயங்கியது.

அடுத்த இரண்டு ஏடுகள் ஓராண்டு இடைவெளியில் வந்தன. 1955இல் டெய்லியும் அவருடைய சக மருத்துவர்களும் அமெரிக்காவிலிருந்து, ஹஷிமோட்டோ அழற்சியும் பாப்பில்லரி புற்றும் ஒரே சுரப்பியில் அடிக்கடி சேர்ந்து காணப்படுவதாக எழுதினர். 1956இல் லண்டனில் ராய்ட், டோனியாக் குழுவினர், ஹஷிமோட்டோ நோயாளிகளின் குருதியில் அவர்களுடைய தைராய்டுப் புரதத்துக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டினர். அதே ஆண்டு பஃபலோவில் நோயல் ரோஸும் விட்டெப்ஸ்கியும் முயல்களில் இந்நோயைச் செயற்கையாக உண்டாக்கினர். தன்னெதிர்ப்பு உண்மை என்பது நிலைபெற்றது. எனினும் தன்னெதிர்ப்பு பற்றிய ஆய்வு நோயெதிர்ப்பியல் துறைக்கும், புற்று பற்றிய ஆய்வு நோய்க்குறியியல் துறைக்கும் எனப் பிரிந்து சென்றன. டெய்லியின் கேள்வி இரண்டுக்கும் நடுவே அனாதையாகக் கிடந்தது.

அக்கேள்வியைச் சிக்கலாக்கிய குழப்பம் ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்த ஆய்வுகளை இரண்டாகப் பிரித்தது. ஊசிவழித் திசுப் பரிசோதனைக்கு வந்த ஹஷிமோட்டோ நோயாளிகளில் புற்று இருந்தோர் ஏறத்தாழ 1.2 சதவீதம். அறுவை செய்து சுரப்பி அகற்றப்பட்டோரிடையே அது 27 சதவீதத்துக்கும் மேல். நோய் ஒன்றே, எண்ணிக்கை மட்டும் இருபது மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. காரணம் எளிது. புற்று என்ற ஐயம் எழுந்தவர்களே பெரும்பாலும் அறுவை அரங்குக்குச் செல்கிறார்கள். அறுவை அரங்கில் நின்று ஊரைக் கணித்தால், ஊரெல்லாம் நோயாகவே தெரியும்.

வழக்கின் திருப்பம் மரபணுவியலிலிருந்து வந்தது. 1985இல் பாஸ்டனில் ஜெஃப்ரி கூப்பரின் ஆய்வகத்தில் மசாஹிதே தகஹாஷி, மனித லிம்போமா ஒன்றின் டிஎன்ஏவை எலி உயிரணுக்களுக்குள் செலுத்தியபோது, அவற்றைப் புற்றணுவாக மாற்றும் ஒரு மரபணுவைக் கண்டார். அதற்கு ‘ரெட்’ என்று பெயரிட்டனர். செலுத்தும் வேளையிலேயே மரபணு வெட்டி ஒட்டப்பட்டுவிட்டது என்பதையே அப்பெயர் குறிக்கிறது. அதாவது, அந்த மாற்றம் மூல லிம்போமாவில் இருந்ததன்று. சோதனையின் போக்கில் நேர்ந்தது. இயற்கையில் அது நிகழும் இடம் வேறு. 1987இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஃபுஸ்கோ, சாந்தோரோ, வெக்கியோ ஆகியோர் அடங்கிய குழு, தைராய்டு பாப்பில்லரி புற்றிலும் அது பரவிய நிணநீர்க் கணுக்களிலும் ஒரு புதிய ஆன்கோஜீனைக் கண்டது. அது ரெட் மரபணுவின் உருமாறிய வடிவமே என 1990இல் தெளிவாயிற்று. அதற்கு வழங்கிய பெயர் ரெட்/பிடிசி.

அது செயல்படும் விதம் இது. தைராய்டின் நுண்குமிழ் அணுக்களில் ரெட் மரபணு இயல்பாக உறங்கிக் கிடப்பது. பத்தாம் குரோமோசோம் முறிந்து, முறிந்த துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டும்போது, ரெட்டின் கைனேஸ் பகுதி வேறொரு மரபணுவின் முன்பகுதியோடு இணைகிறது. அந்த மரபணு எப்போதும் விழித்திருப்பது. ஆகவே ரெட்டும் ஓயாமல் ‘வளர், பெருகு’ எனக் கட்டளையிடத் தொடங்குகிறது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் பெலாரஸ், உக்ரைன் குழந்தைகளிடம் தோன்றிய தைராய்டு புற்றுகளில் இந்த இணைவு மிகுதியாகக் காணப்பட்டது. பாலின் வழியே உட்சென்ற கதிரியக்க அயோடின் சிறார் சுரப்பிகளில் தங்கி, குரோமோசோம்களை முறித்தது. 2005 வரை, விபத்தின்போது சிறாராக இருந்தோரிடையே 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின.

2002இல் பி-ராஃப் மரபணுவின் மாற்றம் பல புற்றுகளில் அறியப்பட்டது. மறு ஆண்டே, பாப்பில்லரி புற்றில் மிகப் பரவலான மாற்றம் அதுவே எனத் தெரிந்தது. ரெட், ராஸ், பி-ராஃப் ஆகிய மூன்றும் ஒரே செய்திச் சங்கிலியின் கண்ணிகள். பொதுவாக ஒரு கட்டியில் இவற்றுள் ஒன்றே மாறியிருக்கும். ஒரு கண்ணி இறுகினாலே சங்கிலி முழுதும் இழுபடும் என்பதால் இன்னொன்று மாற வேண்டிய தேவையில்லை.

இந்தச் சங்கிலிதான் வெள்ளணுக்களின் வழக்குக்கும் சாட்சியம் தந்தது. 2005இல் மிலான் ஆய்வாளர்கள், நோயற்ற மனிதத் தைராய்டு அணுக்களுக்குள் ரெட்/பிடிசியை மட்டும் செலுத்தினர். ஆய்வுத் தட்டில் வெள்ளணு எதுவுமில்லை, கிருமியுமில்லை. ஆயினும் அவ்வணுக்கள் அழற்சியின் செய்திப்பொருள்களைச் சுரக்கத் தொடங்கின: இன்டர்லூகின்கள், வெள்ளணுக்களை ஈர்க்கும் கீமோகைன்கள், திசுவைக் கரைத்து வழி திறக்கும் நொதிகள். புற்றணுவாகும் செயலும் அழற்சியை மூட்டும் செயலும் ஒரே மரபணுவின் இரு கைகள் என்பது புலனாயிற்று. திருடனே காவலரைக் கூட்டி வந்தான் என்ற மூன்றாம் விளக்கத்துக்கு நேரடிச் சான்று கிடைத்தது. வந்த அணுக்களில் சில, வளர்ச்சிக் காரணிகளை வழங்கிப் புற்றுக்கே ஊழியம் செய்கின்றன என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இதனால் இரண்டாம் விளக்கம் பொய்த்துவிட்டது என முடிவுகட்டுவது அவசரம். ஹஷிமோட்டோ திசுக்களிலேயே ரெட்/பிடிசி இருப்பதாக 1990களில் சிலர் அறிவித்தனர். பின்னர் தேடிய வேறு குழுவினர் அதைக் காணவில்லை. சோதனையின் நுண்மை கூடும்போது ஓரிரு அணுக்களில் உள்ள மாற்றமும் பதிவாகிவிடும். அதை நோயின் அடையாளமாகக் கொள்ளலாமா என்பதே அங்கு எழுந்த சர்ச்சை. ஆகவே, ஒரே கட்டியில் அழற்சியும் புற்றும் சேர்ந்திருப்பதிலிருந்து, எது முந்தியது என்பதை வாசித்தறிய முடியாது. காலவரிசை தெரிய வேண்டுமானால், மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். அங்கேதான் பெங்களூரு இவ்வரலாற்றில் நுழைகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேடுகளுக்குத் தெரிவு செய்த முதல் நகரங்கள் பெங்களூரு, மும்பை, சென்னை. தரவுத் தொகுப்பு 1982 தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று. பெங்களூருவின் பதிவேட்டை, ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸுக்கு அருகே 1973 முதல் இயங்கிவரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் ஏற்றது. திட்டத்தின் ஒருங்கிணைப்பு மையமும் இந்நகரிலேயே அமைந்து, 2011இல் நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சிக்கான தேசிய மையமாக வளர்ந்தது. தகவல் தானாக வந்து சேராத காலத்தில், பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனைகளையும் பரிசோதனைக் கூடங்களையும் இறப்புப் பதிவேடுகளையும் தேடிச் சென்று ஒவ்வொரு பெயராகச் சேர்த்தனர். ஆன்கோஜீனைக் கண்டவர்களின் பெயர் பாடநூலில் நிற்கிறது. ஒரே நோயாளி இரு மருத்துவமனைகளில் இருமுறை எண்ணப்படாதவாறு பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் இன்றி ‘ஊரில் எவ்வளவு நோய்’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

இத்தகைய பதிவேடுகளின் 2006 முதல் 2014 வரையிலான தரவுகளை அலசிய ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. தைராய்டு புற்றின் பதிவு உயர்ந்துவருவதையும், அது பகுதிக்குப் பகுதி பெரிதும் மாறுபடுவதையும் கண்ட ஆய்வாளர்கள், உயர்வின் பெரும்பகுதியை மிகைக் கண்டறிதலாகவே வாசித்தனர். அல்ட்ராசவுண்ட் கருவி எங்கு பெருகியதோ அங்கு, வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாதிருந்திருக்கக் கூடிய சிறு கட்டிகளும் கண்ணில் படுகின்றன. தென்கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுப் பதிவு 15 மடங்கானது. இறப்பு விகிதமோ ஏறக்குறைய மாறவேயில்லை.

கேரளக் கடற்கரையின் கருநாகப்பள்ளி இன்னொரு பாடம் தருகிறது. மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த அப்பகுதியில் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. கதிர்வீச்சின் அளவோடு சேர்ந்து புற்றுநோய் உயர்ந்ததற்கான சான்று அதில் கிட்டவில்லை. செர்னோபிலில் நிகழ்ந்தது குறுகிய காலத்தில் சிறார் சுரப்பியில் குவிந்த அயோடின். இங்கே வாழ்நாள் முழுதும் மெல்லப் படியும் வெளிக்கதிர். ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடைப்பது, ‘அழற்சி’ என்ற ஒரே சொல்லுக்குள் ஹஷிமோட்டோ நோயையும் ரெட்/பிடிசி மூட்டும் தீயையும் அடைப்பதற்கு ஒப்பாகும்.

சிகிச்சையிலும் இவ்வழக்கு தொடர்கிறது. ரெட்டைக் கட்டுப்படுத்தும் செல்பெர்கேட்டினிப் 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயெதிர்ப்பின் தடையை அகற்றும் மருந்துகளின் கதை அவ்வளவு எளிதாக இல்லை. பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 22 தைராய்டு புற்று நோயாளிகளில் இருவருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. பாப்பில்லரி புற்றில் மரபணு மாற்றங்கள் மிகக் குறைவு; எனவே வெள்ளணுக்களுக்கு அந்நியமாகத் தோன்றும் அடையாளங்களும் குறைவு என்பது ஒரு விளக்கம். அதேவேளையில், வேறு புற்றுகளுக்காக இம்மருந்தைப் பெறுவோரின் நலமான தைராய்டு அடிக்கடி அழற்சிக்கு உள்ளாகிறது. தடை நீங்கிய காவலர் தைராய்டை நன்றாகவே அடையாளம் காண்கின்றனர். அதனுள்ளிருக்கும் திருடனைத்தான் காண்பதில்லை.

தொடக்கக் கேள்விக்கு இன்று சொல்லக்கூடியது இவ்வளவே: ஹஷிமோட்டோ நோய் என்பது மட்டுமே சுரப்பியை அகற்றப் போதுமான காரணமன்று, ஐயத்துக்குரிய கட்டி இருந்தால் அதை அதனளவில் ஆராய வேண்டும். பெங்களூருவில் பதிவேடும், நோய்க்குறியியல் ஆய்வகங்களும், நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்களும் ஒரே நகரில் இருக்கிறார்கள். தன்னெதிர்ப்பு நோயாளிகளின் பட்டியலைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, கட்டி தோன்றுவோரிடம் எந்தக் கண்ணி மாறியது என்று பார்ப்பது ஒரு முனைவர் பட்டத்துக்கு மிஞ்சிய வேலைதான். ஆனால் 1955இல் எழுந்த கேள்விக்கு நம் மக்களிடமிருந்தே விடை பெற அதைவிடக் குறுக்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை. இத்துறையில் உழைக்கும் மாணவர்கள் தங்கள் கருத்துகளை எழுதினால் உரையாடலைத் தொடரலாம்.